ஹென்றி லாரன்ஸ்: அடிமைச் சந்தையிலிருந்து காங்கிரசின் தலைமை நாற்காலிக்கு

அமெரிக்க விடுதலைப் போரின் வரலாறாக நம் கல்லூரிப் பாடநூல்களுக்கு வந்து சேர்ந்திருக்கும் பெயர்கள் சிலவே. வாஷிங்டன், ஜெஃபர்சன், பிராங்க்ளின், ஆடம்ஸ் ஆகியோருக்குப் பின் அந்தப் பட்டியல் மங்கிவிடும். அதில் இடம்பெறாத ஒருவரின் வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்கிறோம். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரைச் சேர்ந்த ஹென்றி லாரன்ஸ், பதின்மூன்று குடியேற்றங்களும் சேர்ந்து அமைத்த கண்டக் காங்கிரசின் தலைவராக 1777 நவம்பர் முதல் 1778 டிசம்பர் வரை இருந்தவர். புதிய நாட்டின் முதல் அரசமைப்பான கூட்டமைப்பு விதிகளைக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட நாளில் தலைமை நாற்காலியில் இருந்தவர் அவர்தான். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்காவிலேயே மிகப் பெரிய அடிமை விற்பனை நிறுவனங்களுள் ஒன்றை நடத்தியவரும் அவர்தான். இவ்விரண்டுக்கும் இடையில், அடிமை முறையைத் தாம் வெறுப்பதாகத் தம் மகனுக்குக் கைப்பட எழுதியவரும் அவரே.

ஜோதிராவ் பூலே 1873இல் வெளியிட்ட குலாம்கிரி நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார் என்பதை நம் வாசகர்கள் அறிவர். ஒழித்தவர்களைப் பூலே வழி அறிந்த நாம், அதைக் கட்டியெழுப்பியவர்களையும் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவர்கள் எல்லோரும் சவுக்கேந்திய கொடியவர்களாக இருக்கவில்லை. கணக்கில் நேர்மையும் வழிபாட்டில் ஒழுங்கும் பிள்ளைகள் மீது பாசமும் கொண்டிருந்தவர்களாகவே பலர் இருந்தனர். லாரன்ஸ் அப்படிப்பட்டவர்.

அவர் பிறந்தது 1724இல். லாரன்ஸ் குடும்பம் பிரான்சிலிருந்து மதத்தின் பெயரால் விரட்டப்பட்ட ஹியூகெனோ எனப்படும் சீர்திருத்தக் கிறித்தவர் குடும்பம். பாட்டனார் ஆந்த்ரே, லா ரொஷெல் துறைமுக நகரிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தப்பி வெளியேறியவர். தந்தை ஜான், குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளியாகத் தொடங்கிச் சேண வணிகராக உயர்ந்து, நகரில் செல்வாக்கான ஆளானார். இங்கே ஒரு நொடி நின்று யோசிக்கலாம். தோலைத் தொட்டுத் தொழில் செய்ததற்காகவே தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நம் நாட்டில் உண்டு. சார்ல்ஸ்டனில் தோல் வேலை செய்தவரின் மகன் ஆட்சிமன்றத் தலைவராகத் தடை ஏதும் இருக்கவில்லை. அங்கே கோடு வேறிடத்தில் கிழிக்கப்பட்டிருந்தது. கோட்டின் மேற்புறத்தில் பிறந்தவருக்கு, அகதியின் பேரனானாலும், கதவு திறந்தே இருந்தது.

லாரன்சுக்கு 15 வயதானபோது, 1739 செப்டம்பரில், சார்ல்ஸ்டனுக்கு அருகே ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகளின் எழுச்சி வெடித்தது. அதை ஒடுக்கிய கையோடு குடியேற்றத்தின் சட்டமன்றம் 1740இல் நீக்ரோ சட்டத்தை இயற்றியது. சட்டம் படித்தவர்கள் இதை ஒருமுறையேனும் வாசித்துப் பார்க்க வேண்டும். கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் அடிமை என்றே இச்சட்டம் அனுமானித்தது. சுதந்திரமானவர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைக் கோருபவர் மேல் விழுந்தது. தாயின் நிலை பிள்ளைக்கு என்றாயிற்று. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது குற்றமாயிற்று. இன்ன துணிதான் உடுத்தலாம் என்று உடைக்கும் விதி வந்தது. அடிமையை வேண்டுமென்றே கொன்றவருக்கு விதிக்கப்பட்டது அபராதமே. அடிமைகளும் சுதந்திரக் கறுப்பினத்தவரும் குற்றஞ்சாட்டப்பட்டால் நடுவர்கள் அடங்கிய வழக்கமான விசாரணை கிடையாது. இரண்டு நீதிபதிகளும் சில நிலவுடைமையாளர்களும் அமர்ந்து தீர்ப்பளித்தால் போதும். லாரன்சின் வாழ்க்கை முழுவதும் இந்தச் சட்டத்தின் நிழலில் நடந்தது. 1775இல் அது நேரடியாக அவர் கைக்கே வந்து சேரும்.

1744இல் தந்தை அவரை வணிகம் பயில லண்டனுக்கு அனுப்பினார். தென் கரோலினாவோடு பெரும் வணிகத் தொடர்பு கொண்டிருந்த ஜேம்ஸ் குரோகட்டின் அலுவலகத்தில் கணக்கெழுதிப் பழகினார். 1747இல் தந்தை இறந்தபின் ஊர் திரும்பி, ஜார்ஜ் ஆஸ்டின் என்பவரோடு கூட்டுச் சேர்ந்தார். ஆஸ்டின் அண்ட் லாரன்ஸ் என்ற அந்நிறுவனம் அரிசி, அவுரி, மான்தோல் ஆகியவற்றை ஏற்றுமதி செய்தது. மதுவையும் மனிதர்களையும் இறக்குமதி செய்தது. 1750களில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் இந்நிறுவனத்தின் வழியாக விற்கப்பட்டனர்.

இந்த வணிகம் எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. லாரன்ஸ் தரகு வணிகர். கப்பல் பெரும்பாலும் லண்டன், லிவர்பூல், பிரிஸ்டல் முதலாளிகளுடையது. ஆப்பிரிக்கக் கரையில் ஆள் பிடிப்பதும் கடலில் ஏற்றி வருவதும் அவர்கள் பாடு. கப்பல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலை அடைந்ததும், நோய் நகருக்குள் பரவாதபடி ஆட்கள் சல்லிவன் தீவில் இறக்கித் தனித்து வைக்கப்படுவார்கள். பிறகு உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் வரும். தோட்ட முதலாளிகள் திரள்வார்கள். விற்ற தொகையில் 10 விழுக்காடு தரகருக்கு. பிற சரக்குகளுக்குக் கிடைத்த தரகைவிட இது மிகுதி. வாங்குபவருக்குக் கடன் கொடுப்பதும், அறுவடையானதும் வசூலிப்பதும், லண்டனுக்கு உண்டியல் அனுப்புவதும் தரகரின் வேலை. ஆகவே ஆப்பிரிக்காவைக் கண்ணால் காணாமலும், கையில் விலங்கைத் தொடாமலும், பேரேட்டின் முன் அமர்ந்தபடியே ஒருவர் பெரும் பணக்காரராக முடிந்தது.

கப்பல் முதலாளிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் சந்தை அறிக்கைகளாக இருக்கின்றன. காம்பியாப் பகுதியினர் நல்ல விலை போவர் என்கிறார். கலபார் துறைமுகத்திலிருந்து வருபவர்களை இங்கே விரும்புவதில்லை, அனுப்பாதீர்கள் என்கிறார். உயரமும் இளமையும் வேண்டும் என்கிறார். நெல் விளைந்த மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் ஆட்களுக்குத் தென் கரோலினாவில் தனி மதிப்பு இருந்தது. சதுப்பு நிலத்தில் வரப்புக் கட்டவும், நீர் பாய்ச்சவும், உரலில் குத்தி அரிசி பிரிக்கவும் தெரிந்தவர்கள் அவர்கள். அந்த உழவறிவும் சேர்த்தே விற்கப்பட்டது. ஆனால் கரோலினா அரிசியின் புகழ் முழுவதும் முதலாளிகள் பெயரில்தான் எழுதப்பட்டது.

சியேரா லியோன் ஆற்றின் நடுவே பன்ஸ் தீவு என்றொரு சிறு தீவு. அங்கிருந்த அடிமைக் கோட்டையை 1748இல் லண்டன் வணிகர் ரிச்சர்ட் ஆஸ்வால்டும் அவருடைய கூட்டாளிகளும் வாங்கினர். அங்கிருந்து சார்ல்ஸ்டனுக்கு வந்தவர்களை விற்றுக் கொடுத்தவர் லாரன்ஸ். ஆஸ்வால்டின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பாரிசில் அவரை மறுபடி சந்திப்போம்.

1756இல் ரோட் தீவின் நியூபோர்ட்டிலிருந்து புறப்பட்ட ஹேர் என்ற கப்பல் சியேரா லியோனிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு சார்ல்ஸ்டன் வந்தது. அவர்களை விற்றுக் கொடுத்தது ஆஸ்டின் அண்ட் லாரன்ஸ். சரக்கு மட்டமானது, நோயுற்றது என்று லாரன்ஸ் கப்பல் முதலாளிகளிடம் குறைபட்டுக்கொண்டார். அந்தச் சரக்கில் ஏறத்தாழ 10 வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். லாரன்சின் மனைவி எலினோரின் குடும்பத்தைச் சேர்ந்த எலியாஸ் பால் அவளை வாங்கித் தன் தோட்டத்தில் சேர்த்தார். பிரிசில்லா என்று பெயர் வைத்துக் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அவளுடைய சொந்தப் பெயர் எங்கும் இல்லை. கப்பலின் ஆவணங்களும் பால் குடும்பத்தின் கணக்கேடுகளும் தப்பிப் பிழைத்ததால், அவளது வழித்தோன்றல்களை இன்று வரை தொடர்ச்சியாக அடையாளம் காண முடிந்திருக்கிறது. அடிமைகளாக வந்தவர்களுள் இத்தகைய ஆவணத் தொடர்ச்சி கிடைத்தவர்கள் மிக அரியர். 8,000 பேரில் ஒருத்தியைப் பற்றி இவ்வளவாவது சொல்ல முடிவதால் சொல்கிறோம்.

எலினோர் பாலை லாரன்ஸ் 1750இல் மணந்தார். நெல் தோட்டங்களின் உடைமையாளர் குடும்பம் அது. பிறந்த பிள்ளைகள் பலர். வளர்ந்து ஆளானவர்கள் நால்வரே. வணிகத்தில் சேர்த்த பணத்தை அவர் நிலத்தில் போட்டார். 1762இல் கூப்பர் ஆற்றங்கரையில் 3,000 ஏக்கர் கொண்ட மெப்கின் தோட்டத்தை வாங்கினார். தென் கரோலினாவிலும் ஜார்ஜியாவிலும் மேலும் பல தோட்டங்கள் வந்து சேர்ந்தன. அதே காலத்தில் ஆஸ்டினுடனான கூட்டு முடிவுக்கு வர, அடிமை விற்பனையிலிருந்து மெல்ல விலகினார். மனச்சாட்சியே காரணம் என்பதுபோல் பின்னாளில் பேசப்பட்டது. இதைச் சரியாகக் கேள்வி கேட்டவர் அவருடைய பகைவர் ஒருவர்தான். கடல்சார் நீதிமன்ற நீதிபதியாக இருந்த எகர்ட்டன் லீ, 1769இல் லாரன்சைத் தாக்கி வெளியிட்ட நூலில், அடிமைகளை விற்பது பாவமென்று விட்டவர் அவர்களைக் கொண்டு தோட்டம் நடத்துவது எப்படி என்று எள்ளினார். லீ ஒன்றும் அடிமைகளின் நண்பரல்லர், சொந்தச் சண்டைக்காகக் கேட்டார். எதற்காகக் கேட்டாலும் கேள்வி செல்லும்.

லீயுடனான சண்டை சுங்கத்தைப் பற்றியது. 1757 முதலே லாரன்ஸ் குடியேற்றத்தின் சட்டமன்றத்தில் இருந்தார். செரோக்கி பழங்குடியினர் மீதான 1761ஆம் ஆண்டுப் படையெடுப்பில் துணைப் படைத் தலைவராகப் போனார். இயல்பில் பழமைப் பற்றாளர். 1765இல் பிரிட்டன் முத்திரை வரி விதித்தபோது தெருக் கிளர்ச்சியை விரும்பவில்லை. முத்திரைத் தாள்களை ஒளித்து வைத்திருக்கிறார் என்ற ஐயத்தில் ஒரு கும்பல் நள்ளிரவில் அவர் வீட்டுக்குள் புகுந்து சோதனை போட்டது. அவரை எதிர்ப்பு அணிக்குத் தள்ளியவை அவருடைய சொந்தக் கப்பல்களே. 1767இல் சுங்க அதிகாரி டேனியல் மூர் அவற்றைப் பறிமுதல் செய்ய, லாரன்ஸ் நடுத்தெருவில் அந்த அதிகாரியின் மூக்கைப் பிடித்துத் திருகினார். அடுத்த ஆண்டு ஆன் என்ற கப்பலும் பிடிபட்டது. நடுவர்கள் இல்லாத நீதிமன்றத்தில், ஒரே நீதிபதி ஒரு குடிமகனின் சொத்தைப் பறிப்பது கொடுங்கோன்மை என்று அவர் துண்டறிக்கைகள் எழுதினார். வாதம் சரியானதே. நடுவர்கள் இல்லாமல் உயிரையே பறிக்கும் நீக்ரோ சட்டம் அதே நகரில் அப்போது நடைமுறையில் இருந்தது.

மனைவி 1770இல் இறந்தபின், மகன்களின் கல்விக்காக 1771இல் இங்கிலாந்து சென்றார். உடன் ஓர் அடிமைப் பணியாளரையும் அழைத்துச் சென்றார். அவர் ஐரோப்பாவில் இருந்த காலத்தில்தான், 1772 ஜூனில், சாமர்செட் வழக்கில் மேன்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்தார். அடிமையை அவர் விருப்பத்துக்கு மாறாக இங்கிலாந்திலிருந்து வெளியே கொண்டுபோக உரிமையாளருக்கு அதிகாரமில்லை என்பது அதன் சாரம். தெற்கத்தித் தோட்ட முதலாளிகள் பலருக்குப் பிரிட்டனின் மேல் இருந்த நம்பிக்கை இத்தீர்ப்பால் ஆட்டங்கண்டது.

1774இன் இறுதியில் லாரன்ஸ் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு ஜூனில் தென் கரோலினாவின் மாகாணக் காங்கிரசுக்கும், உண்மையான அரசாக இயங்கிய பாதுகாப்புக் குழுவுக்கும் தலைவரானார். அந்தக் கோடையில் நடந்த ஒரு வழக்கை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பல சுருக்கமாகக் கடந்துவிடுகின்றன. நாம் அப்படிக் கடக்கப் போவதில்லை.

தாமஸ் ஜெரமையா சுதந்திரமான கறுப்பினத்தவர். சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் மணல் திட்டுகளுக்கிடையே கப்பல்களுக்கு வழிகாட்டும் தேர்ந்த மாலுமி. மீன் வணிகமும் செய்தார். குடியேற்றங்களிலேயே மிகவும் வசதி படைத்த கறுப்பினத்தவர்களுள் ஒருவர். அவரிடமும் அடிமைகள் இருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிரிட்டன் படை வரப்போகிறது, அடிமைகளுக்கு ஆயுதம் தரப்போகிறது என்ற வதந்தியில் நகரம் நடுங்கிக்கொண்டிருந்தது. வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் எண்ணிக்கையில் மிகுந்த குடியேற்றம் அது. ஜெரமையா அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டினார், துப்பாக்கி சேர்த்தார் என்று குற்றம் சாட்டி அவரைச் சிறையில் அடைத்தார்கள். சாட்சிகள் அடிமைகள். தாங்களே அச்சுறுத்தலின் கீழ் இருந்தவர்கள். அவர்களுள் ஒருவர் பின்னர் தம் சாட்சியத்தைத் திரும்பப் பெற்றார். அடிமையாக இல்லாத ஒருவர் 1740ஆம் ஆண்டு நீக்ரோ சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்டார். அரசரின் ஆளுநர் வில்லியம் காம்ப்பெல், சாட்சியம் போதாது என்று கருதித் தலையிட முயன்றார். மன்னித்தால் ஆளுநரின் வாசலிலேயே தூக்கிலிடுவோம் என்று மிரட்டல் வந்தது. லாரன்ஸ் ஆளுநரின் தலையீட்டை ஏற்கவில்லை. 1775 ஆகஸ்ட் 18 அன்று ஜெரமையா தூக்கிலிடப்பட்டு, அவர் உடல் எரிக்கப்பட்டது. கடைசிவரை தாம் குற்றமற்றவர் என்றே அவர் சொன்னார்.

இரண்டு நாட்களுக்குப் பின் லாரன்ஸ் தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில் ஜெரமையாவைப் பற்றிய அவருடைய கருத்து தெளிவாகத் தெரிகிறது. செல்வத்தால் தலைக்கனம் பிடித்தவன், ஆடம்பரத்தால் கெட்டவன், தகுதிக்கு மீறிய ஆசை கொண்டவன் என்ற தொனியில் எழுதுகிறார். சாட்சியத்தின் வலுவைப் பேச வேண்டிய இடத்தில் குற்றவாளியின் நிமிர்வைப் பேசுகிறார். நல்ல சட்டை போட்டதற்கும், மீசை முறுக்கியதற்கும், ஊர்த் தெருவில் வண்டி ஓட்டியதற்கும் தாக்கப்பட்டவர்களின் வழக்குக் கட்டுகளைப் படித்துப் பழகிய நமக்கு இந்தத் தொனி புதிதன்று.

அதே ஆண்டு டிசம்பரில், பிரிட்டன் கப்பல்களில் ஏறித் தப்பும் நம்பிக்கையில் சல்லிவன் தீவில் கூடியிருந்த அடிமைகளைப் பிடிக்க, லாரன்ஸ் தலைமை வகித்த பாதுகாப்புக் குழு படையை அனுப்பியது. தலைமுறை தலைமுறையாக ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்ட அதே தீவு.

இந்தப் பின்னணியோடுதான் 1776 ஆகஸ்ட் 14ஆம் நாளிட்ட கடிதத்தைப் படிக்க வேண்டும். விடுதலைப் பிரகடனத்தின் செய்தி சார்ல்ஸ்டனுக்கு வந்து சேர்ந்த சில நாட்களில் எழுதப்பட்டது. லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜானுக்கு எழுதுகிறார். அடிமை முறையைத் தாம் வெறுப்பதாகவும், பிரிட்டனின் அரசர்களும் நாடாளுமன்றங்களும் அதை நிறுவிய நாட்டில் தாம் பிறந்துவிட்டதாகவும் சொல்கிறார். தம் அடிமைகளை விற்றால் 20,000 பவுன் கிடைக்கும் என்று கணக்கிடுகிறார். அவர்களுள் பலரை விடுவிக்க வழி தேடுவதாகவும், நாட்டின் சட்டங்களும் வழக்கங்களும், தமது பேராசையும் ஊராரின் பேராசையும் தடையாய் நிற்பதாகவும், பிள்ளைகளின் சொத்தைப் பறித்தவன் என்ற பேச்சு வருமே என்று அஞ்சுவதாகவும் எழுதுகிறார். கடிதம் போலியன்று என்றே நாம் கருதுகிறோம். உண்மையாகவே அவர் உள்ளம் உறுத்தியிருக்கிறது. ஆனால் அதே கடிதத்தில், தப்பி ஓடும் அடிமைகளைப் பிரிட்டன் கப்பல்கள் ஏற்றிச் செல்வதைத் திருட்டு என்று கொதிக்கிறார்.

காங்கிரசின் தலைவராக அவர் இருந்த பதின்மூன்று மாதங்களை நாம் விரைவாகக் கடக்கலாம். பிலடெல்பியாவைப் பிரிட்டன் பிடித்துவிட, காங்கிரஸ் யார்க் என்ற சிற்றூரில் கூடியது. அங்கே 1777 நவம்பர் 15 அன்று கூட்டமைப்பு விதிகள் நிறைவேறின. 1778இல் பிரான்சுடன் உடன்படிக்கை உறுதியானது. வாஷிங்டனைத் தலைமைத் தளபதி பதவியிலிருந்து நீக்க நடந்த சூழ்ச்சியில் லாரன்ஸ் வாஷிங்டன் பக்கம் நின்றார். பிரான்சில் ஆயுதக் கொள்முதல் செய்த சைலஸ் டீன் மீதான முறைகேட்டுப் புகாரைக் காங்கிரஸ் உரியவாறு விசாரிக்கவில்லை என்று கண்டித்துப் பதவி விலகினார். பொதுப் பணத்தில் அவர் கண்டிப்பானவர். தம் வணிகக் கணக்குகளில் இருந்த அதே கண்டிப்பு.

மகன் ஜான் வேறு வார்ப்பு. வாஷிங்டனின் உதவித் தளபதிகளுள் ஒருவராகப் போரில் இருந்த அவர், 1778 தொடக்கத்தில் தந்தைக்கு ஒரு கோரிக்கை வைத்தார். தமக்கு வரவேண்டிய சொத்தின் பங்கை அடிமை ஆண்களாகக் கொடுத்துவிடுங்கள், அவர்களைப் படைவீரர்களாக்கிப் போரின் முடிவில் விடுவிக்கிறேன் என்றார். தந்தை தடை சொன்னார். ஊர் சிரிக்கும் என்றார். அந்த டிசம்பரில் சவன்னா நகரம் பிரிட்டனிடம் வீழ்ந்து, தென் கரோலினாவுக்கு ஆபத்து நெருங்கியதும் தந்தையின் எண்ணம் மாறியது. 1779 மார்ச் 29 அன்று, தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் 3,000 கறுப்பின வீரர்களைத் திரட்டலாம் என்று காங்கிரஸ் பரிந்துரைத்தது. உரிமையாளருக்கு ஆளொன்றுக்கு 1,000 டாலர் வரை இழப்பீடு. இறுதிவரை போரிடும் வீரருக்கு விடுதலையும் 50 டாலரும். தொகைகளின் விகிதமே பலவற்றைச் சொல்லும். அதையும் தென் கரோலினாவின் சட்டமன்றம் சினத்தோடு தள்ளியது. ஜான் மீண்டும் மீண்டும் முயன்று தோற்று, 1782 ஆகஸ்டில் கோம்பாகி ஆற்றங்கரையில் ஒரு சிறு மோதலில் கொல்லப்பட்டார்.

தந்தை அப்போது ஐரோப்பாவில். டச்சு நாட்டிடம் கடனும் நட்பும் பெற 1780இல் அனுப்பப்பட்ட அவரது கப்பலை நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே பிரிட்டன் கடற்படை பிடித்தது. கடலில் எறிந்த ஆவணப் பையை மாலுமிகள் மீட்டுவிட்டனர். அதிலிருந்த ஒப்பந்த வரைவைக் காட்டியே பிரிட்டன் டச்சு நாட்டின் மீது போர் அறிவித்தது. லாரன்ஸ் அரச துரோக ஐயத்தில் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்.  தம்மைக் காவல் காத்தவர்களின் கூலியைத் தாமே கட்ட வேண்டும் என்றதற்கு மறுத்தார். நோயும் தனிமையும் அவரை உருக்குலைத்தன. 1781 டிசம்பர் 31 அன்று பிணையில் வெளிவந்தபோது பிணைத்தொகைக்கு முன்வந்தவர் அடிமை வணிகர் ரிச்சர்ட் ஆஸ்வால்ட். பின்னர் யார்க்டவுனில் சரணடைந்திருந்த காரன்வாலிசுக்கு மாற்றாக லாரன்சின் விடுதலை முடிவானது. இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பின்னர் வந்த அதே காரன்வாலிஸ்தான். லாரன்ஸ் சிறையிருந்த கோபுரத்தின் காப்பாளர் பதவியும் அவரிடமே இருந்தது. அவருடைய சரணடைவு விதிகளை அமெரிக்கர் தரப்பில் பேசி முடித்தவர்களுள் ஜான் லாரன்சும் ஒருவர்.

இனி பாரிஸ். பிராங்க்ளின், ஆடம்ஸ், ஜே ஆகியோரோடு சமாதானத் தூதராக நியமிக்கப்பட்டிருந்த லாரன்ஸ், பேச்சுகள் ஏறக்குறைய முடிந்த வேளையில், 1782 நவம்பர் இறுதியில் வந்து சேர்ந்தார். மகன் இறந்த செய்தி அவரை எட்டியிருந்தது. மேசையின் எதிர்ப்புறம் பிரிட்டனின் தூதராக அமர்ந்திருந்தவர் ஆஸ்வால்ட். பன்ஸ் தீவின் உடைமையாளரும் அவருடைய சார்ல்ஸ்டன் தரகரும் ஒரு புதிய நாட்டின் பிறப்புச் சான்றிதழை எழுத உட்கார்ந்தார்கள். லாரன்ஸ் கேட்டுச் சேர்க்கச் செய்தது ஒரே ஒரு திருத்தம். வெளியேறும் பிரிட்டன் படை, அமெரிக்கர்களின் கறுப்பின அடிமைகளையோ பிற சொத்துகளையோ கொண்டுசெல்லக் கூடாது. ஆஸ்வால்ட் தயங்காமல் ஒப்புக்கொண்டார். நவம்பர் 30 அன்று கையெழுத்தான முன் உடன்படிக்கையிலும், 1783ஆம் ஆண்டின் இறுதி உடன்படிக்கையில் ஏழாம் பிரிவாகவும் அது இடம்பெற்றது. அடிமை முறையை வெறுப்பதாக எழுதிய அதே கை கேட்டு வாங்கிய பிரிவு இது. ஆறு ஆண்டு இடைவெளி. ஜான் போர்க்களத்தில் யாருக்காகப் பேசினாரோ, அவர்களைத் திரும்பப் பிடிக்கும் பிரிவை, ஜான் இறந்த மூன்றே மாதங்களில் தந்தை சேர்த்தார். இதை முதுமையின் சோர்வு என்று விளக்குபவர்கள் உண்டு. நமக்கு அந்த விளக்கம் போதவில்லை. உறுத்தல் தனிக் கடிதத்தில் இருந்தது, சொத்துரிமை உடன்படிக்கையில் ஏறியது. எது எங்கே எழுதப்படுகிறது என்பதைச் சட்டம் பயின்றவர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது.

பிரிவு எழுதப்பட்டபடி நிறைவேறவில்லை. நியூயார்க்கில் இருந்த பிரிட்டன் தளபதி கை கார்ல்டன், விடுதலை வாக்குறுதியை நம்பித் தம் பக்கம் வந்தவர்கள் ஏற்கெனவே சுதந்திரமானவர்கள், அவர்கள் யாருடைய சொத்தும் அல்லர் என்று வாஷிங்டனிடம் நேரில் மறுத்தார். கப்பலேறிய ஏறத்தாழ 3,000 பேரின் பெயர்களும் வயதும் முன்னாள் உரிமையாளர் விவரமும் ஒரு பேரேட்டில் பதிவாயின. அவர்களுள் சார்ல்ஸ்டனுக்கு அருகில் அடிமையாகப் பிறந்த பாஸ்டன் கிங் என்ற தச்சரும் ஒருவர். நோவா ஸ்கோஷியாவின் குளிரிலும் நிலம் தராத ஏமாற்றத்திலும் சில ஆண்டுகள் கழித்த இம்மக்களுள் ஏறத்தாழ 1,200 பேர், 1792 ஜனவரியில் 15 கப்பல்களில் அட்லாண்டிக்கைத் திரும்பக் கடந்து சியேரா லியோன் சென்று ஃபிரீடவுன் நகரை நிறுவினர். ஆற்றில் சற்று மேலே போனால் பன்ஸ் தீவு. அங்கே வணிகம் அப்போதும் நடந்துகொண்டிருந்தது.

லாரன்ஸ் 1784இல் அமெரிக்கா திரும்பி, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சார்ல்ஸ்டன் வந்தார். மெப்கின் வீட்டைப் பிரிட்டன் படை எரித்திருந்தது. 1787இல் பிலடெல்பியாவில் அரசமைப்பை எழுதக் கூடிய மாநாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும் போகவில்லை. அதை ஏற்கும் 1788ஆம் ஆண்டு மாநில மாநாட்டில் ஆதரித்து வாக்களித்தார். அடிமை இறக்குமதியை 1808 வரை காங்கிரஸ் தடுக்க முடியாது என்ற பிரிவும், தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற பிரிவும் அந்த அரசமைப்பில் இருந்தன. தாம் விடுவிப்பதாக எழுதிய அடிமைகளுள் மிகச் சிலரையே விடுவித்தார். 1790ஆம் ஆண்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 300 பேர் அவருடைய உடைமையாக இருந்தனர்.

1792 டிசம்பர் 8 அன்று மெப்கினில் இறந்தார். மகள் மார்த்தா குழந்தையாய் இருந்தபோது அம்மையில் இறந்துவிட்டதாக எண்ணப்பட்டுப் பின் மூச்சு திரும்பிப் பிழைத்தவர். உயிரோடு புதைபடும் அச்சம் அதனால் லாரன்சை விட்டு நீங்கவில்லை என்பர். தம் உடலைத் துணியில் சுற்றி, முற்றிலும் சாம்பலாகும்வரை எரிக்க வேண்டும் என்று உயிலில் எழுதினார். அமெரிக்காவின் வெள்ளையரிடையே ஆவணப்படுத்தப்பட்ட முதல் எரியூட்டல் அதுவே என்று கூறப்படுகிறது. சாம்பல் மெப்கினில் புதைக்கப்பட்டது. தோட்டம் இளைய மகன் ஹென்றிக்குப் போயிற்று. நிலத்தோடும் கால்நடையோடும் அங்கிருந்த மனிதர்களும் வாரிசுகளின் கைக்கு மாறினார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகளுக்குச் சட்டப்படி விடுதலை கிடைத்தது 1865இல், 73 ஆண்டுகளுக்குப் பிறகு.